குறைந்த செலவில் அதிக அமுக்க விகித இன்ஜின்: முதன்முறை கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார் இன்ஜினின் அமுக்க விகிதத்தை, அதாவது பட்டறைகளில் கம்ப்ரஷன் ரேஷியோ என்று சொல்லப்படுவதை, உயர்த்த வேண்டுமென்றால் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, வலிமை கூடிய) பிஸ்டன்களும் பந்தயத்துக்கான கனெக்டிங் ராடுகளும் வாங்கியே ஆக வேண்டும் என்ற எண்ணம் புதியவர்களிடம் பரவலாக இருக்கிறது. சாதாரணச் சாலை இன்ஜின் ஒன்றை 9-இலிருந்து 10.5-க்குக் கொண்டுபோக இவை எதுவும் தேவையில்லை. கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதியைப் பாகங்களுக்குச் செலவிடாமல், அளவெடுப்பதற்கும் துல்லியமாக வெட்டித் தரும் இயந்திரப் பட்டறைக்கும் ஒதுக்கினால், தொழிற்சாலை பிஸ்டன்களைக் கொண்டே நம்பகமான ஓர் இன்ஜினைக் கட்ட முடியும். இந்தக் கட்டுரை டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

கிடைக்கப்போகும் பலன் எவ்வளவு என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பெட்ரோல் இன்ஜின்களுக்கான ஆட்டோ (Otto) சுழற்சியின் கோட்பாட்டுக் கணக்கின்படி, 9 என்ற விகிதத்தில் 58.5 சதவீதமாக இருக்கும் வெப்பத்திறன் 10.5-இல் 61 சதவீதமாகிறது. நடைமுறையில் இது ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதக் கூடுதல் இழுவையாக வந்து சேரும். 100 குதிரைத்திறன் தரும் இன்ஜின் 103 அல்லது 104 தரும் என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டுச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் இந்தக் கூடுதல் இழுவை எல்லா வேகங்களிலும் கிடைக்கிறது, அரைகுறையாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது, பின்னர் சொல்லவிருப்பதுபோல் சற்றுப் பெரிய, அதாவது வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்டைப் பொருத்துவதற்கும் வழி திறந்துவிடுகிறது. 20 சதவீதத்தை எதிர்பார்ப்பவர்கள் இந்த வழியில் இறங்காமல் பெரிய இன்ஜின் ஒன்றை மாற்றிப் பொருத்துவதே சிக்கனமாக இருக்கும்.

முதல் படி: இலக்கை எரிபொருளை வைத்து முடிவு செய்தல்

அமுக்கத்துக்கு எல்லை வகுப்பது பிஸ்டனின் வலிமையைக் காட்டிலும் பெட்ரோலின் தன்மையே. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ எரிஅறை முழுவதும் பரவுவதற்குள், மூலையில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே வெடித்துவிடுவதைத்தான் நாக்கிங் என்கிறோம். அந்த வெடிப்பின் அழுத்த அலை பிஸ்டனின் ஓரத்தை அரிக்கிறது, ரிங்குகளுக்கு இடையிலுள்ள பகுதியை உடைக்கிறது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட்டைக் கிழிக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்கத்தை மாற்றக்கூடிய ஆய்வு இன்ஜின் ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு எரிபொருளும் நாக்கிங் இல்லாமல் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்று வரிசைப்படுத்தினார். இன்றைய ஆக்டேன் எண்ணும் அதே கேள்விக்கான விடைதான்.

அமுக்க விகிதம் ஒன்று உயர்ந்தால் தேவைப்படும் ஆக்டேன் எண் ஏறத்தாழ 3 முதல் 5 வரை உயரும். சிலிண்டருக்கு நான்கு வால்வுகளும் நடுவில் பிளக்கும் கொண்ட அலுமினிய ஹெட், உட்கொள் குழாயில் எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்ஷன் ஆகியவை உள்ள இன்ஜினுக்கு, 91 ஆர்ஓஎன் (RON, மென்மையான சோதனை முறையில் அளந்த ஆக்டேன் எண்) பெட்ரோலில் 9.5 முதல் 10 வரையும், 95 ஆர்ஓஎன் பெட்ரோலில் 10.5 வரையும், 98-இல் 11 வரையும் போகலாம் என்பது என் கணிப்பு. சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட பழைய வார்ப்பிரும்பு ஹெட்டாக இருந்தால் இந்த எண்கள் ஒவ்வொன்றிலும் அரை புள்ளியைக் குறைத்துக்கொள்ளவும். சில நாடுகளில் பம்பில் எழுதியிருக்கும் எண் ஆர்ஓஎன் அளவும், கடுமையான முறையில் அளக்கும் எம்ஓஎன் (MON) அளவும் சேர்ந்த சராசரி என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே 87 என்று இருப்பது ஏறத்தாழ 91 ஆர்ஓஎன்னுக்கும், 93 என்று இருப்பது ஏறத்தாழ 98 ஆர்ஓஎன்னுக்கும் சமம். எப்போதாவது கிடைக்கும் உயர்ரகப் பெட்ரோலை நம்பி இன்ஜின் கட்டக் கூடாது. நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் எங்கும் கிடைக்கக்கூடிய பெட்ரோல் எதுவோ அதற்காகவே கட்ட வேண்டும்.

மாஸ்டா நிறுவனத்தின் ஸ்கைஆக்டிவ் இன்ஜின் 14 என்ற விகிதத்தில் ஓடுகிறதே என்று யாராவது கேட்பார்கள். அந்த இன்ஜின் சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருளைத் தெளித்துக் கலவையைக் குளிர்விக்கிறது, நீளமான 4-2-1 எக்ஸாஸ்ட் குழாய் அமைப்பால் சிலிண்டரில் எஞ்சும் சூடான புகையைக் குறைக்கிறது, பிஸ்டன் தலையில் தனிப் பள்ளத்தையும் வைத்திருக்கிறது. இவை அனைத்தையும் சேர்த்துச் சின்னப் பட்டறையில் உருவாக்க முடியாது என்பதால் அந்த எண்ணை மறந்துவிடுவதே நல்லது.

இரண்டாம் படி: அடிப்படை இன்ஜினைத் தேர்ந்தெடுத்தல்

பணம் மிச்சமாகும் இடம் இதுதான். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல இன்ஜின்களில் சிலிண்டர் விட்டமும் பிஸ்டனை ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னின் அளவும் ஒன்றாகவே இருக்க, பிஸ்டன் தலையின் வடிவம் மட்டும் மாறியிருப்பதுண்டு. டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ இன்ஜினை எடுத்துக்கொண்டால், தொடக்ககால 16 வால்வு வகையில் 9.4 ஆக இருந்த விகிதம் பின்னர் வந்த சிறிய போர்ட் (ஹெட்டின் காற்று வழி) வகையில் 10.3 ஆகவும், கடைசியாக வந்த 20 வால்வு வகையில் 11 ஆகவும் உயர்ந்தது. உங்கள் இன்ஜினின் குடும்பத்திலும் இப்படி ஓர் அண்ணன் இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். குழிவான தலை கொண்ட பிஸ்டனுக்குப் பதிலாக அதே அளவில் தட்டையான தலை கொண்ட தொழிற்சாலை பிஸ்டன் கிடைத்தால், பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் பின்னின் விட்டம், பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம், வால்வுக்கான குழிகள் அமைந்திருக்கும் இடம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று அளந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி வாங்கிய பிஸ்டன் அரை மில்லிமீட்டர் உயரமாக இருந்தால், அது ஹெட்டில் போய் இடிக்கக்கூடும்.

பழைய இன்ஜினை வாங்கும்போது, அது ஓடும் நிலையில் இருந்தால் கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் கேஜ் வைத்துச் சோதியுங்கள். இன்ஜின் சூடாகவும் எல்லா பிளக்குகளும் கழற்றப்பட்டும் த்ராட்டில் முழுமையாகத் திறந்தும் இருக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், போரிங் செய்து (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி) மிகையளவு பிஸ்டன் போட வேண்டிய செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு விலை பேசவும். சூடேறி ஹெட் கேஸ்கட் போன இன்ஜின்கள் மலிவாகக் கிடைக்கும். ஹெட்டில் விரிசல் இல்லை என்று அழுத்தச் சோதனையில் உறுதியானால் அவை நல்ல பேரம்.

மூன்றாம் படி: பிரித்தல்

ஒவ்வொரு கனெக்டிங் ராடும் அதன் மூடியும் சேர்த்தே இயந்திரத்தில் துளையிடப்பட்டவை என்பதால், அவற்றை இடம் மாற்றிப் பொருத்தக் கூடாது. மெயின் பேரிங் மூடிகளுக்கும் இதே விதிதான். பிரிப்பதற்கு முன்பே எண் குறித்துவிடுங்கள். பழைய ஹெட் கேஸ்கட்டைத் தூக்கி எறியாமல், சிலிண்டர் துளையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு அருகே அதன் தடிமனையும் துளையின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த படியில் அந்த எண்கள் தேவைப்படும்.

நான்காம் படி: அளவெடுத்தலும் கணக்கும்

வேலையின் உயிர்நாடி இதுவே. இதில் ஒரு வார இறுதியைச் செலவிடத் தயங்குபவர்கள் மேற்கொண்டு எதையும் வாங்காமல் இருப்பது நல்லது.

பிஸ்டன் கீழ்முனையிலிருந்து மேல்முனைக்கு வரும்போது கடக்கும் இடத்தை வீச்சுக் கொள்ளளவு என்றும், மேல்முனையில் பிஸ்டன் நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சியிருக்கும் இடத்தை எஞ்சும் கொள்ளளவு என்றும் சொல்லலாம். இரண்டையும் கூட்டி, எஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். வீச்சுக் கொள்ளளவை விட்டத்தையும் ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) வைத்துக் கணக்கிட்டுவிடலாம். எஞ்சும் கொள்ளளவு நான்கு துண்டுகளால் ஆனது: ஹெட்டிலுள்ள எரிஅறை, நசுங்கிய நிலையில் கேஸ்கட்டின் தடிமனுக்குள் இருக்கும் இடம், பிஸ்டனின் விளிம்புக்கும் பிளாக்கின் மேல்தளத்துக்கும் இடையிலுள்ள இடம், பிஸ்டன் தலையிலுள்ள குழியும் வால்வுக் குழிகளும்.

எரிஅறையை அளக்க, வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்திய ஹெட்டைத் தலைகீழாகச் சற்றுச் சாய்த்து வைத்து, எரிஅறையின் ஓரத்தில் மெல்லிய கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட தடித்த கண்ணாடி அல்லது அக்ரிலிக் தகடை அதன் மேல் அழுத்தி ஒட்டவும். துளை உயரமான பக்கத்தில் இருக்க வேண்டும். நிறம் கலந்த மண்ணெண்ணெயை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறும் வரை நிரப்பினால், இறங்கிய அளவே எரிஅறையின் கொள்ளளவு. பியூரெட்டுக்குப் பதில் மருந்துக்கடை ஊசிக்குழலையும் பயன்படுத்தலாம். துல்லியம் கொஞ்சம் குறையும், ஒரே அறையை மீண்டும் மீண்டும் அளந்து சரிபார்த்தால் போதுமானது. நான்கு அறைகளும் ஒன்றுக்கொன்று அரை சிசிக்குள் இருக்க வேண்டும். பெரிதாக உள்ளதை ஒட்டி மற்றவற்றைச் சிறு அரவையால் சமப்படுத்தலாம்.

பிஸ்டனின் உயரத்தை அளக்க, ரிங்குகள் இல்லாமல் பிஸ்டனையும் ராடையும் பொருத்தி, மேல்முனைக்குக் கொண்டுவந்து, டயல் கேஜை பிஸ்டன் பின்னின் திசைக்கு நேர்மேலே வைத்து அளக்கவும். வேறு பக்கத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடி, தவறான எண் வரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விட்டம் 75 மி.மீ., ஸ்ட்ரோக் 84 மி.மீ. கொண்ட இன்ஜினில் ஒரு சிலிண்டரின் வீச்சுக் கொள்ளளவு 371.1 சிசி. எரிஅறை 32 சிசி என்று அளந்திருக்கிறோம். கேஸ்கட்டின் துளை 76 மி.மீ., தடிமன் 1.2 மி.மீ. என்பதால் அதற்குள் 5.44 சிசி. பிஸ்டன் மேல்தளத்திலிருந்து 0.8 மி.மீ. கீழே நிற்பதால் அங்கே 3.53 சிசி. பிஸ்டன் தலையின் குழி 5.4 சிசி. மொத்தம் 46.37 சிசி, விகிதம் 9.0. இதை 10.5 ஆக்க எஞ்சும் கொள்ளளவு ஏறத்தாழ 39 சிசியாக, அதாவது இப்போதுள்ளதைவிட 7.3 சிசி குறைவாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: எங்கே வெட்டுவது

பெரும்பாலானோர் முதலில் செய்வது ஹெட்டை ஃபேசிங் செய்ய, அதாவது அதன் அடித்தளத்தைச் சீவக் கொடுப்பது. அது மலிவானது, ஆனால் வரிசையில் கடைசியாக வர வேண்டிய வேலை. மேற்சொன்ன ஹெட்டில் எரிஅறையின் வாய்ப்பரப்பு 35 சதுர செ.மீ. என்று கொண்டால், ஒரு மில்லிமீட்டர் சீவினால் 3.5 சிசிதான் குறையும், 7.3 சிசி குறைக்க 2 மில்லிமீட்டருக்கு மேல் சீவ வேண்டும். அவ்வளவு சீவிய ஹெட் பலவீனமாகிவிடும், பெரும்பாலும் தயாரிப்பாளர் குறித்திருக்கும் குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே போய்விடும். மேலும், கேம்ஷாஃப்ட் ஹெட்டில் இருக்கும் இன்ஜினில் ஹெட் கீழிறங்க இறங்க, டைமிங் பெல்ட்டோ செயினோ தளர்ந்து கேம் பின்தங்கும். அதைச் சரிசெய்யத் தனிப் புல்லி வாங்க வேண்டி வரும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பிஸ்டனின் தட்டையான ஓரமும் அதற்கு நேர்மேலே ஹெட்டின் தட்டையான பகுதியும் மேல்முனையில் நெருங்கும் இடத்தை ஸ்குவிஷ் பகுதி என்பார்கள். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தால், அங்கிருக்கும் கலவை பீய்ச்சியடிக்கப்பட்டு நடுவிலுள்ள தீயோடு கலக்கிறது, எரிதல் விரைவாகிறது, நாக்கிங் தொடங்கும் மூலையில் எரிவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. நம் எடுத்துக்காட்டில் கேஸ்கட் 1.2 மி.மீ.யும் மேல்தள இடைவெளி 0.8 மி.மீ.யும் சேர்ந்து 2 மி.மீ. இருக்கிறது. இது இரண்டும் கெட்டான் நிலை: கலவையைப் பீய்ச்சும் அளவுக்கு நெருக்கமும் இல்லை, அங்கே கலவை தங்காமல் இருக்கும் அளவுக்கு இறுக்கமும் இல்லை. ஹெட்டைச் சீவினாலும் இந்த இடைவெளி மாறாது என்பதால், அந்த வழியில் 10.5-ஐ எட்டிய இன்ஜின் நாக்கிங் அடித்துக்கொண்டே இருக்கும். பிளாக்கைச் சீவியும் மெல்லிய கேஸ்கட் போட்டும் அதே 10.5-ஐ எட்டிய இன்ஜின் அதே பெட்ரோலில் அமைதியாக ஓடும்.

எனவே முதலில் பிளாக்கின் மேல்தளத்தில் 0.5 மி.மீ. எடுக்கச் சொல்லுங்கள், பிஸ்டன் 0.3 மி.மீ. கீழே நிற்கும், அங்குள்ள இடம் 1.33 சிசியாகக் குறையும். நசுங்கிய நிலையில் 0.8 மி.மீ. வரும் கேஸ்கட்டைத் தேர்ந்தெடுத்தால் அது 3.63 சிசி. ஸ்குவிஷ் இடைவெளி 1.1 மி.மீ. ஆகிவிட்டது. குழிவான பழைய பிஸ்டனை வைத்துக்கொண்டாலே விகிதம் 9.76-க்கு வந்துவிடுகிறது, பணம் இங்கேயே தீர்ந்துவிட்டால் இத்துடன் நிறுத்திக்கொண்டாலும் நல்ல இன்ஜின்தான். வால்வுக் குழிகள் மட்டும் 2 சிசி உள்ள தட்டைத்தலை பிஸ்டனைப் போட்டால் எஞ்சும் கொள்ளளவு 38.96 சிசி, விகிதம் 10.5. ஹெட்டைத் தொடவே இல்லை; வளைவை நேராக்கும் அளவுக்கு மட்டும் ஃபேசிங் செய்தால் போதும்.

ஸ்குவிஷ் இடைவெளியை 0.9 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோவது புதியவர்களுக்கு உகந்ததல்ல. அதிக சுழற்சியில் ராடு நீள்கிறது, பிஸ்டன் ஆடுகிறது, பிறகு ஹெட்டைத் தொடுகிறது. நான்கு பிஸ்டன்களில் எது மிக உயரமாக நிற்கிறதோ அதை வைத்தே வெட்டும் அளவை முடிவு செய்ய வேண்டும். சிலிண்டரை அரை மில்லிமீட்டர் போரிங் செய்ய நேர்ந்தால் விகிதம் ஏறத்தாழ 0.12 கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கேம்ஷாஃப்ட்டைச் சேர்த்துப் பார்த்தல்

உட்கொள் வால்வு மூடிய பிறகுதான் அமுக்கம் உண்மையில் தொடங்குகிறது. 133 மி.மீ. நீள ராடு கொண்ட நம் இன்ஜினில், பிஸ்டன் கீழ்முனையைக் கடந்து கிராங்க் 50 டிகிரி சுற்றிய பின் வால்வு மூடினால், பிஸ்டனுக்கு மிஞ்சும் பாதை 84 மி.மீ. அல்ல, 73 மி.மீ.தான், அந்தக் கணக்கில் 10.5 என்ற விகிதம் 9.3 ஆகிறது. சற்றுப் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு வால்வு 65 டிகிரியில் மூடினால் அது 8.4 ஆகிறது. மாற்றம் செய்யாத பழைய இன்ஜினில் இதே கணக்கு 8-ஐ ஒட்டி இருந்தது. பெரிய கேம் குறைந்த வேகத்தில் இழுவையைத் தின்றுவிடும் என்ற புகாருக்கும், உயர் அமுக்கம் குறைந்த வேகத்தில் நாக்கிங் அடிக்கும் என்ற அச்சத்துக்கும் இதில் ஒரே மருந்து கிடைக்கிறது: இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டும். அதே குடும்பத்தின் விளையாட்டு வகைக் காரில் வந்த தொழிற்சாலை கேம் பழைய உதிரிபாகச் சந்தையில் கிடைத்தால் அது போதும். கேம் மாற்றாதவர்கள் 10.5-க்குப் பதிலாக 10-ஐ இலக்காக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஏழாம் படி: பணத்தைப் பங்கிடுதல்

முதலில் செலவழிக்க வேண்டியவை: பிளாக்கின் மேல்தளம் சீவுதல், சிலிண்டர் போரிங் அல்லது ஹோனிங் (சிலிண்டர் சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்குதல்), கிராங்க் கிரைண்டிங் தேவையென்றால் அது, வால்வு சீட்டுகளைச் சரிசெய்தல். இவற்றில் பேரம் பேசலாம், தவிர்க்கக் கூடாது. அடுத்து புதிய பேரிங்குகள், ரிங்குகள், கேஸ்கட் செட், எண்ணெய் பம்ப், ஹெட் போல்ட்டுகள், ராடு போல்ட்டுகள். இறுக்கும்போது நீளும் வகைப் போல்ட்டுகளை இரண்டாம் முறை பயன்படுத்தவே கூடாது. வால்வுத் தண்டு எண்ணெய் சீல்கள் மிக மலிவானவை. ஆனால் அவை கசிந்து எரிஅறைக்குள் எண்ணெய் இறங்கினால் கலவையின் ஆக்டேன் தரம் குறைந்து நாக்கிங் வரும் என்பதால், உயர் அமுக்க இன்ஜினில் அவற்றுக்கு இரட்டிப்பு மதிப்பு.

பல அடுக்கு எஃகு கேஸ்கட் வாங்கினால், அதற்கு மேல்தளமும் ஹெட்டும் மிக வழவழப்பாக இருக்க வேண்டும் என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன், போர்ட்டிங், இலகு ஃப்ளைவீல், பளபளக்கும் வால்வு கவர் எல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. நாக்கிங் இல்லாத இன்ஜினில் வார்ப்பு பிஸ்டன் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். நாக்கிங் உள்ள இன்ஜினில் ஃபோர்ஜ்டு பிஸ்டனும் சற்றுத் தாமதமாக உடையும், அவ்வளவுதான்.

காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. எரிஅறையின் ஓரங்கள், வால்வுக் குழிகளின் விளிம்புகள், பிளக் துளையில் நீட்டிக்கொண்டிருக்கும் மரை முனைகள் ஆகியவற்றிலுள்ள கூர்மையை மெல்லிய எமரித் தாளால் மழுக்கிவிடுங்கள். கூர்முனைகள் சிவக்கச் சூடேறி, பிளக் பற்றவைப்பதற்கு முன்பே கலவையைக் கொளுத்திவிடும். இந்த வேலையை முடித்த பிறகே எரிஅறையின் இறுதி அளவை எடுக்க வேண்டும்.

எட்டாம் படி: கோர்த்தல்

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கைச் சுத்தமானது என்று நம்பாதீர்கள். சோப்புநீரும் தூரிகையும் கொண்டு சிலிண்டர்களையும் எண்ணெய்த் துவாரங்களையும் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசவும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் வராத வரை கழுவ வேண்டும். ஹோனிங் தூள் ரிங்குகளைச் சில நூறு கிலோமீட்டருக்குள் தின்றுவிடும்.

ரிங்கின் வாய் இடைவெளி, விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.004 மி.மீ. என்ற கணக்கில் மேல் ரிங்குக்கு 0.30 மி.மீ., இரண்டாம் ரிங்குக்கு 0.35 மி.மீ. அளவில் இருக்கலாம், தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே இறுதியானது. இடைவெளி மிகக் குறைந்தால் சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டி பிஸ்டன் உடையும். பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் இழையை நசுக்கிப் பார்த்து அளக்கலாம், பேரிங்கில் சுழலும் 48 மி.மீ. கிராங்க் ஜர்னலுக்கு 0.04 முதல் 0.05 மி.மீ. வரை நல்லது. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று கட்டங்களில், டார்க் ரெஞ்சால் இறுக்கவும்.

இறுதியாக மூடுவதற்கு முன், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சோதித்தே ஆக வேண்டும். பிளாக் சீவப்பட்டிருக்கிறது, கேஸ்கட் மெலிந்திருக்கிறது, கேமும் மாறியிருக்கலாம். மூன்றும் வால்வைப் பிஸ்டனை நோக்கித் தள்ளுகின்றன. வால்வுக் குழிகளில் எண்ணெய் தடவிய களிமண்ணை ஒட்டி, ஹெட்டை முழு இறுக்கத்தில் பொருத்தி, டைமிங்கைச் சரியாக வைத்து, கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றவும். எங்காவது தடை தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிறகு கழற்றி, களிமண்ணை பிளேடால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளக்கவும். உட்கொள் வால்வுக்கு 2 மி.மீ., வெளியேற்று வால்வுக்கு 2.5 மி.மீ. குறைந்தபட்சம் வேண்டும். குறைவாக இருந்தால் பிஸ்டனின் வால்வுக் குழியை ஆழப்படுத்தலாம். அதனால் கூடும் கொள்ளளவை மீண்டும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: துணை அமைப்புகள்

ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றவும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைப் புதிதாகப் போட்டு, காற்று வடிகட்டி இன்ஜினின் சூட்டை உறிஞ்சாமல் வெளிக்காற்றை எடுக்கும்படி குழாயைத் திருப்பிவிட்டால், செலவு மிகக் குறைவு, நாக்கிங் எதிர்ப்பில் பலன் அதிகம். கூடுதல் அமுக்கத்தைச் சுற்ற ஸ்டார்டர் மோட்டார் சிரமப்படும் என்பதால் பேட்டரி கேபிள்களையும் எர்த் இணைப்பையும் சுத்தம் செய்து இறுக்குங்கள். எத்தனால் அதிகம் கலந்த எரிபொருளின் ஆக்டேன் உயர்வு கவர்ச்சியானதுதான். ஆனால் 85 சதவீத எத்தனாலுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் பாய வேண்டும் என்பதால் இன்ஜெக்டர், பம்ப், குழாய்கள் என்று பட்டியல் நீளும். சின்னப் பணத்தில் அது வேண்டாம். இத்தகைய மாற்றங்களுக்கும் புகை அளவுக்கும் உங்கள் நாட்டில் என்ன விதி என்பதையும் வண்டியைச் சாலைக்கு எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: ஓட்டத்துக்குக் கொண்டுவருதல்

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் வரும் வரை ஸ்டார்டரால் சுற்றிய பிறகே முதல்முறை இயக்கவும். தட்டை டேப்பட் கொண்ட பழைய வகை கேமுக்கு மட்டும் முதல் 20 நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுழற்சிக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். மற்ற இன்ஜின்களை நீண்ட நேரம் ஐடிலில் விடாமல், சீக்கிரமே சாலைக்கு எடுத்து, மிதமான பளுவில் ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங்குகள் நன்றாகப் படியும். 500 கிலோமீட்டரில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றவும். அதன் பின் கம்ப்ரஷன் கேஜ் வைத்தால், கேம் எதுவென்பதைப் பொறுத்து 180 முதல் 210 பிஎஸ்ஐ வரை காட்டலாம். எண்ணைவிட நான்கும் சமமாக இருப்பதே முக்கியம்.

உயர் அமுக்கத்திலும் நல்ல ஸ்குவிஷ்ஷிலும் கலவை விரைவாக எரிவதால், பற்றவைப்பை முன்புபோல் அவ்வளவு முன்கூட்டியே வைக்கத் தேவையில்லை. தொழிற்சாலை அளவிலிருந்து 4 டிகிரி குறைத்துத் தொடங்கவும். முழு மிதியில் காற்று எரிபொருள் விகிதம் 12.5 முதல் 13 வரை இருக்கும்படி கார்புரேட்டர் ஜெட்டையோ இன்ஜின் கணினியான இசியூவின் வரைபடத்தையோ சரிசெய்துவிட்டு, பிறகே டைமிங்கை, அதாவது பற்றவைப்பு நேரத்தைத் தொட வேண்டும். கலவை மெலிந்திருக்கும்போது டைமிங்கைத் தேடுவது வீண். ஒவ்வொரு டிகிரியாக உயர்த்தி, இழுவை கூடுவது நின்றுபோகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 2 டிகிரி பின்வாங்கவும். மேட்டில் உயர் கியரில் முழுமையாக மிதிக்கும்போது டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதுபோல் ஓசை வந்தால் உடனே காலை எடுத்து, மேலும் 2 டிகிரி குறைக்க வேண்டும்.

ஓசை கேட்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்; எக்ஸாஸ்ட் சத்தத்தில் இலேசான நாக்கிங் காதுக்கு எட்டாது. முழு மிதி ஓட்டத்துக்குப் பின் இன்ஜினை அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்றி, பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் நாக்கிங் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். டைமிங்கைக் குறைத்து, புதிய பிளக்குகளைப் போட்டு, மீண்டும் ஓட்டிப் பார்க்கவும். இந்தச் சோதனையை ஆண்டின் மிக வெப்பமான நாட்களில், வண்டியில் முழுப் பளுவை ஏற்றி ஒருமுறை திரும்பச் செய்த பிறகே டைமிங் பூட்டை நிரந்தரமாக இறுக்குங்கள்.